வட்டத்துக்குள் ஒரு புள்ளி

அத்தியாயம் பதினொன்று

சின்னவள் போனை வைத்து ஆறு நாள் ஆகிவிட்டது.

வைத்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. பட்டென்று துண்டித்தாள். "என் வயிறு, என் பிள்ளை. டெஸ்ட் எடுக்கறதும் எடுக்காததும் என் இஷ்டம்க்கா" என்று போன வாரம் அவள் கடைசியாகச் சொன்னது பெரியவளின் காதிலேயே குடியேறிவிட்டது. பாத்திரம் கழுவும்போது கேட்டது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கேட்டது. யார் வீட்டு நாற்காலியிலோ உட்கார்ந்து, "தெரிஞ்சுக்கறது நல்லதும்மா, டெஸ்ட் எடுத்துக்கங்க" என்று அவள் சொல்லும்போது இன்னும் சத்தமாகக் கேட்டது.

அப்படிச் சொல்வதுதான் பெரியவளின் வேலை. ரத்தம் உறையாத நோய் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக நடக்கும் சங்கத்தில் அவள் களப்பணியாளர். வீடு வீடாகப் போவாள். மருந்தை ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் வைப்பது, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது, மாமியாரிடம் என்ன சொல்லாமல் இருப்பது என்பது வரை சொல்லிக் கொடுப்பாள்.

அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க யாரும் வரவில்லை. மகன் பிறந்து, தவழ்ந்து, முதல் தடவை விழுந்தபோது முழங்கால் பந்தாக வீங்கியது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரைக் கேட்பது என்று தெரியாமல் அலைந்தாள். இப்போது அவனுக்குப் பதினாறு வயது. வலது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்வதால் வீட்டில் அவன் பெயர் ஜட்ஜ்.

இந்த நோய்க்கு ஒரு வஞ்சகம் உண்டு. பெண்கள் சுமப்பார்கள். ஆண் பிள்ளைகள் அவதிப்படுவார்கள். சகோதரிகளின் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். ஒன்பது வயதில் ஒரு பல்லைப் பிடுங்கப் போய், ரத்தம் நிற்காமலே போய்ச் சேர்ந்தார். அம்மா அந்த நோயைத் தெரியாமலேயே சுமந்தாள். இரண்டு பெண்களில் யாருக்குக் கொடுத்தாள் என்பதும் தெரியாமலேயே கண்ணை மூடினாள்.

பெரியவளுக்கு மகன் பிறந்தான். தெரிந்துபோயிற்று.

சின்னவளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் பெரிய வெள்ளை அட்டையை விரித்துப் பெரியவள் வரைந்துகொண்டிருந்தாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை எல்லாக் குடும்பங்களும் கூடும் நாளில், யாராவது ஒருவர் தங்கள் குடும்பப் படத்தை வரைந்து சுவரில் மாட்ட வேண்டும். சதுரம் என்றால் ஆண். வட்டம் என்றால் பெண். நோய் உள்ளவரின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். நோயைச் சுமக்கும் பெண்ணின் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. டெஸ்ட் எடுக்காதவளுக்குக் கீழே ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். ஆனால் வாயைத் திறக்காத ஜனங்கள்கூட ஒரு படத்தைப் பார்த்தால் பேச ஆரம்பிப்பார்கள்.

ஒரே ஒரு விதி. ரிசல்ட்டைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் புள்ளி வைக்கக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்ததே பெரியவள்தான்.

இரண்டு வருஷமாக ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தும், இந்த மாதம் அவள் முறை வந்துவிட்டது.

"ஏம்மா, என் சதுரத்தை மட்டும் ஏன் இப்படிப் போட்டு அப்பறே?" என்றான் ஜட்ஜ், சோபாவிலிருந்து. "லேசா அடிச்சாப் போதாதா? பார்க்கறவங்க நான் செத்துட்டேன்னு நினைப்பாங்க."

"செத்தவங்களுக்குக் குறுக்கே ஒரு கோடு போடணும்டா. உனக்குப் போடலயே."

"நன்றி."

"உங்கம்மா ரொம்பத் தாராளம்" என்றார் அவன் அப்பா. அவர் எலக்ட்ரீஷியன். பக்கத்துத் தெருவில் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அட்டையை எட்டிப் பார்த்தார். "என் சதுரம் ஏன் கோணலா இருக்கு?"

"இருக்கறதைத்தாங்க வரையணும்."

ஜட்ஜ் கைதட்டினான். அப்பா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். அந்த வீட்டில் சிரிப்புக்கு என்றைக்கும் குறைவில்லை. மேஜை முனைகளுக்கெல்லாம் பழைய துணியைச் சுற்றி, கத்திகளை மேல்தட்டில் பூட்டி வைத்திருக்கும் வீட்டில், சிரிக்கவும் இல்லையென்றால் இருக்க முடியாது.

அவர் போனதும் வீடு அமைதியானது. பெரியவள் சின்னவளின் வட்டத்தை வரைந்தாள்.

பேனாவை அட்டையின்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் சின்னவள் இதே மேஜையில் உட்கார்ந்து சொன்னது நினைவுக்கு வந்தது. "பையனா இருந்தா நீச்சல், ஃபுட்பால், சைக்கிள். பொண்ணா இருந்தாலும் அதேதான். லிஸ்ட் போட்டுட்டேன்க்கா." சொல்லும்போது துணி சுற்றிய மேஜை முனையை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். யோசிக்காமல் தட்டினாள். யோசிக்காமல் இருக்க முடிகிறதே என்பதுதான் பெரியவளின் கண்ணை உறுத்தியது.

அவளும் ஒரு காலத்தில் லிஸ்ட் போட்டவள்தான்.

சின்னவள் ஒருக்களித்துப் படுத்து ஒன்பது மணி வரை தூங்குகிறாளாம். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறாளாம். அதற்கும் எரிந்தது. டெஸ்ட் எடு, எடு என்று நான் அவள் பின்னால் ஓடுவது அவள் நல்லதுக்கு என்று ஊரெல்லாம் சொல்கிறேனே, அது மட்டும்தானா? பெரியவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் உள்ளே இருந்தது. வெளியே வரச் சொல்லி அவள் அதைக் கூப்பிடவில்லை. தானாக வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

அவளுக்கும் இருந்துவிட்டால் நான் தனியாக இருக்க மாட்டேன்.

"மணி ஒன்பதாச்சும்மா" என்றான் ஜட்ஜ்.

பெரியவள் அவசரமாக அட்டையைச் சுருட்டி ரப்பர் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

கூட்டம் நூலகத்தின் மாடியில். நாற்பது நாற்காலி. மூலையில் டீ, பிஸ்கட். சங்கத்துச் செயலாளர் அட்டையைச் சுவரில் ஒட்டினார். பெரியவள் முன்னால் நின்று, தன் குடும்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

நன்றாகவே பேசினாள். பல் பிடுங்கிய மாமாவைச் சொன்னபோது அறை அடங்கியது. மகன் விழுந்த நாளில் மூன்று ஆஸ்பத்திரி அலைந்ததைச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில் தையல்காரம்மா வழக்கம்போல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனுக்கு நோய் என்று தெரிந்ததிலிருந்து நாலு மாதமாக வருகிறாள். பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

"மேடம், ஒரு சந்தேகம்." பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். இரண்டு பையன்களுக்கும் நோய் உள்ளவர். "அந்தக் கடைசி வட்டம் உங்க தங்கச்சியா?"

"ஆமா."

"அவங்களுக்கும் இருக்கா? புள்ளி வச்சிருக்கீங்களே."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

இருந்தது. சின்னவளின் வட்டத்துக்கு நட்டநடுவில், கறுப்பாக, உருண்டையாக. கீழே கேள்விக்குறி இல்லை.

எப்போது வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கை தவறிவிட்டது என்று சொல்லலாம். பதினொரு வருஷத்தில் முந்நூறு குடும்பப் படம் வரைந்த கை அது. அது தவறாது.

நாற்பது பேர் காத்திருந்தார்கள். 'மன்னிக்கணும், தப்பாப் போட்டுட்டேன்' என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடி வந்து, அவள் முன்னால் நின்று, போய்விட்டது.

"ஆமா" என்றாள் பெரியவள். "அவளுக்கும்."

சொன்ன உடனே நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை.

தலையை நிமிர்த்தினாள். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவை ஒட்டி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சின்னவள் நின்றிருந்தாள்.

*

"பத்து நிமிஷம் டீ" என்று செயலாளர் அறிவித்தார். பெரியவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். சின்னவள் மாடிப்படித் திருப்பத்தில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நாற்பது பேர் முன்னாடி எனக்குப் புள்ளி வச்சுட்டியே."

"கை தவறி..."

"சரி, கை தவறிச்சு. அப்புறம் 'அவளுக்கும்'னு சொன்னியே, அது வாய் தவறியா?"

ஒருவர் தண்ணீர் பிடிக்க வந்தார், இருவர் முகத்தையும் பார்த்தார், தாகம் தீர்ந்தவர்போலத் திரும்பிப் போனார்.

சின்னவள் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். பெரியவளுக்கு அந்தக் காகிதத்தின் நிறமே போதும். ஆய்வுக்கூடத்து ரிசல்ட். தினமும் யாருக்காவது பிரித்துப் படித்துக் காட்டுவது. இதைப் பிரிக்கத்தான் கை வரவில்லை.

பிரித்தாள். சின்னவளின் பெயர். குடும்பத்தில் உள்ள மரபணுக் குறை இவரிடம் காணப்படவில்லை. தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது.

"எனக்கு இல்லக்கா."

"அப்போ போன வாரம் போன்ல..."

"சண்டை போட்டா நீ கேக்கறதை நிறுத்துவேன்னு நினைச்சேன். நீ நிறுத்தற ஆளா? நாள் பூரா மெசேஜ்."

"ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? 'அக்கா, எனக்கு இல்ல, உனக்கு மட்டும்தான்'னா? நானும் வாய்க்குள்ள பல தடவை சொல்லிப் பார்த்துட்டேன். எப்படிச் சொன்னாலும் குத்தற மாதிரியே வருது. அப்புறம் நேர்ல சொல்லிடலாம்னு இன்னிக்குக் கிளம்பி வந்தேன். வந்தா நீ எனக்குப் புள்ளி வச்சு விளக்கம் குடுத்துட்டு இருக்கே."

"யார் கூட்டிட்டுப் போனா?"

சின்னவள் கொஞ்சம் தயங்கினாள். "அத்தான்தான்."

மூன்று வாரம். இருபத்தொரு நாள் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் எதையும் மறைக்காதீர்கள் என்று ஊர் முழுக்கப் போதிக்கிறவளின் வீட்டில், மறைக்க வேண்டிய ஆளாக அவளே ஆகிவிட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லுக்கா" என்றாள் சின்னவள். இப்போது குரலில் கோபம் இல்லை. "சந்தோஷமா இருக்குன்னு. பொய்யா இருந்தாக்கூடப் பரவாயில்ல. எனக்கு அம்மா இல்ல. நீதான் சொல்லணும்."

பெரியவள் தேடினாள். நிஜமாகவே தேடினாள். முன்பின் தெரியாதவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். ரொம்ப சந்தோஷம்மா, போய் நிம்மதியாத் தூங்குங்க என்று கட்டிப் பிடித்திருக்கிறாள். அதெல்லாம் பொய்யில்லை. இன்றைக்கு உள்ளே எட்டிப் பார்த்தால் அந்த வார்த்தை இருந்த இடம் காலியாக இருந்தது.

"வயிறு எரியுதுடி" என்றாள்.

சின்னவள் அவளையே பார்த்தாள். மேலே நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ டீக்குச் சர்க்கரை கேட்கும் சத்தம் எல்லாம் வந்து போயின.

"தெரியும்" என்றாள் கடைசியில். "ஸ்கூல்ல என் பென்சில் உன்னோடதை விட நீளமா இருந்தா அதை உடைச்சு ரெண்டு பேருக்கும் ஒரே அளவா ஆக்குவே. ஆனா அது பென்சில்க்கா."

காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். "போய்ச் சரி பண்ணு. அந்தப் பேக்கரிக்காரர் கடையிலதான் என் மாமியார் தினமும் ரொட்டி வாங்கறாங்க. நாளைக்குக் காலைல அந்தச் சேதி எங்க வீட்டுக்குப் போயிடும்."

*

எல்லாரும் திரும்ப உட்கார்ந்ததும் பெரியவள் அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். செயலாளர் அடுத்த விஷயத்தை ஆரம்பிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "என் தங்கச்சிக்கு நோய் இல்ல. ரிசல்ட்டை இப்போதான் பார்த்தேன். பார்க்காமலே புள்ளி வச்சேன்."

"அதுக்கென்ன மேடம், அவசரத்துல..." என்று பேக்கரிக்காரர் பெருந்தன்மையாக ஆரம்பித்தார்.

"அவசரத்துல இல்ல. அவளுக்கும் இருக்கணும்னு ஆசைப்பட்டேன். அதான் வச்சேன். அதான் நீங்க கேட்டதும் ஆமான்னும் சொன்னேன்."

செயலாளர் தரையைப் பார்த்தார். பதினொரு வருஷமாகக் கட்டிய பெயர் அந்த அறையின் நடுவில் கிடப்பதுபோல் பெரியவளுக்குத் தோன்றியது. இனி எந்த வீட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து எந்தத் தாய்க்கு என்ன சொல்வது?

அப்போது ஒரு புதுக் குரல் கேட்டது. கம்மலான குரல், பழக்கமில்லாமல் பேசுகிறவர்களின் குரல்.

"என் நாத்தனாருக்கு மூணு பசங்க" என்றாள் தையல்காரம்மா. பையை இறுகப் பிடித்திருந்தாள். "மூணும் ஓடுதுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகத் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

பெரியவள் கதவைப் பார்த்தாள். சின்னவள் அங்கே இல்லை. எதுவரை கேட்டாள், எப்போது போனாள் என்று தெரியவில்லை.

*

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. வழியெல்லாம் கணவரைக் கேட்க வேண்டிய கேள்விகளைத் தீட்டிக்கொண்டே வந்தாள். அவர் கூடத்தில் நின்றபடி, மோட்டார் கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் அப்போதுதான் வந்திருக்கிறார்.

"மூணு வாரம் எப்படிங்க முகம் மாறாம இருந்தீங்க?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. துணியைக் கீழே வைத்தார்.

"சொல்லிட்டாளா?"

"அவ சொல்லிட்டா. நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லிடலாம்னுதான் அன்னிக்கே வந்தேன். ஜட்ஜ்தான் வேண்டாம்னான்."

"அவனுக்கும் தெரியுமா?"

"அவன்கிட்டதான் முதல்ல சொன்னேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா அழுவாங்கன்னு பயப்படறியாடான்னு கேட்டேன். 'அழ மாட்டாங்கப்பா, சிரிப்பாங்க. என்னைப் பார்த்துக்கிட்டே சிரிப்பாங்க. அதை என்னால பார்க்க முடியாது'ன்னான். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

தீட்டி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சோபா காலியாக இருந்தது. தலையணையும் இல்லை. பெரியவள் மகனின் அறைக் கதவைத் தள்ளினாள்.

ஜட்ஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கழுத்து வரை போர்வை. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தாடையைப் பார்த்தால் பின்னாலிருந்தே தெரிந்தது. அவள் போர்வையை விலக்கினாள்.

வலது முழங்கால் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

"எத்தனை மணிக்கு?" எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் முதலில் கேட்கச் சொல்லிக் கொடுப்பாள்.

"நீ போனதும். ஒன்பதரை இருக்கும்."

"அஞ்சு மணி நேரமாடா! ஏங்க! ஃப்ரிட்ஜ்ல இருந்து மருந்தை எடுங்க, சீக்கிரம்! எங்கே விழுந்தே? குளியலறையா?"

"விழலம்மா."

"பின்னே?"

"ஓடினேன்."

கூடத்தில் ஃப்ரிட்ஜ் கதவு படாரென்று திறக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்குடா?"

அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சித்தியோட பிள்ளை ஓடும்ல. அது வந்து ஓடறதுக்குள்ள ஒரே ஒரு தடவை தெருக்கோடி வரைக்கும் நான் ஓடிடணும்னு தோணுச்சு."

பெரியவளுக்கு அவன் முகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். இன்று காலை முழுவதும் அவளுக்குள் பேசிக்கொண்டிருந்த குரல். தனக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று அவள் நம்பியிருந்தாள்.

கணவர் மருந்துப் பெட்டியோடு வந்தார். அவரே மருந்தைக் கலந்தார். பெரியவள் ஊசியை ஏற்றினாள். வீக்கம் தொடைக்கு ஏற ஆரம்பித்திருந்தது. இது வீட்டோடு முடிகிற விஷயமில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

"வண்டியைக் கூப்பிடறேன்" என்று அவர் வெளியே போனார்.

திட்ட வேண்டும். உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இப்படிச் செய்த பிள்ளைகளிடம் என்ன பேச வேண்டும் என்று சங்கத்துக் கையேட்டில் ஒரு பக்கம் முழுக்க அவளே எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரியும் நாக்கில் வரவில்லை.

"எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

ஜட்ஜ் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. வழக்கம்போல் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. யோசித்தான்.

"பாதி தூரம் வரைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றான்.